திறனும் வாய்ப்பும்: கணிதமேதை இராமானுஜன்

நுழையும் முன்

ஒருவர் பெரும்புகழ் எய்தும்போது, அதற்குக் காரணம் அவருடைய பிறவி அறிவா, அவருக்கு வாய்த்த நற்பேறா, குடும்பத்தின் வழியே வந்த வசதியா என்னும் வினா எழுகின்றது. சீனிவாச இராமானுஜனை உலகம் பிறவி மேதை என்றே போற்றுகின்றது. அத்தகையவரின் வாழ்விலும் பிறர் செய்த உதவிகளும் தற்செயலாய் அமைந்த வாய்ப்புகளும் எத்துணைப் பங்கு பெற்றன என்பதை அவருடைய வரலாற்றின் வழியே இப்பாடம் ஆராய்கின்றது.

பிறப்பும் குடும்பமும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தம் தாயின் பெற்றோர் வாழ்ந்த ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கோவிலில் பக்திப் பாடல்கள் பாடுபவர். சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் குடும்பம் வாழ்ந்தது. தந்தையின் ஊதியம் மாதம் ஏறத்தாழ 20 ரூபாய். அது போதாமையால், வெளியூரிலிருந்து வந்து கல்லூரியில் பயின்ற மாணவர்களுக்கு வீட்டில் தங்க இடமளித்து, அதனால் வரும் சிறு வருவாயையும் குடும்பம் நம்பியிருந்தது.

இரண்டு வயது நிறையும் காலத்தில் இராமானுஜனைப் பெரியம்மை தாக்கியது. அவ்வாண்டு தஞ்சை மாவட்டத்தில் அந்நோய்க்குப் பலியானோர் ஆயிரக்கணக்கானோர். இராமானுஜன் பிழைத்தார், முகத்தில் தழும்புகள் மட்டும் எஞ்சின. அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் அடுத்தடுத்து இறந்தன. உலகம் பின்னாளில் வியந்த அறிவு, அந்த வீட்டில் உயிர் தப்பிய ஒரு குழந்தையிடம் இருந்தது. இறந்த குழந்தைகளிடம் என்ன திறன் இருந்தது என்பதை அறிய எவருக்கும் வழியில்லை.

வறுமை ஒருபுறம் இருந்தாலும், அக்குடும்பத்திற்குச் சில வசதிகளும் இருந்தன. எழுத்தும் கல்வியும் தலைமுறை தலைமுறையாக உரிமையாய் இருந்த சமூகத்தில் அவர் பிறந்தார். அக்காலத்தில் தமிழ்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர். உழவர், கூலித் தொழிலாளர், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பள்ளியின் வாயில் எளிதில் திறக்கவில்லை. பெண் குழந்தைகளின் நிலை இன்னும் கடினமானது. 1909இல் இராமானுஜனை மணந்தபோது ஜானகிக்கு வயது ஏறத்தாழ பத்துதான். மேலும், கும்பகோணம் அரசுக் கல்லூரி அமைந்த ஊர். வீட்டில் தங்கிய கல்லூரி மாணவர்களே சிறுவனுக்கு முதல் கணித ஆசிரியர்கள் ஆயினர். அவர்கள் அறிந்திருந்த கணிதம் முழுவதையும் பதினொரு வயதளவில் அவர் கற்று முடித்தார். செல்வம் இல்லாத அந்த வீட்டில் நூல்களோடும் படித்தவர்களோடும் பழகும் சூழல் இருந்தது. அதுவும் ஒருவகை முதல்தான்.

ஒரு நூலின் வருகை

1898இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் இராமானுஜன் சேர்ந்தார். பதின்மூன்று வயதில், மேல்வகுப்பு மாணவர்களுக்குரிய லோனியின் முக்கோணவியல் நூலைத் தாமே பயின்று தேர்ந்தார். 1903இல் நண்பர் ஒருவர் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு நூலைப் பெற்று அவருக்கு அளித்தார். அது ஜார்ஜ் கார் என்னும் ஆங்கிலேயர் எழுதிய கணிதத் தொகுப்பு. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களும் வாய்பாடுகளும் அதில் வரிசையாக இடம்பெற்றிருந்தன. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களை ஆயத்தம் செய்த ஒருவர், மனப்பாடத்திற்கு உதவும் வகையில் தொகுத்த நூல் அது. பெரும்பாலான தேற்றங்களுக்கு விரிவான நிறுவல்கள் அதில் இல்லை.

அந்தக் குறையே இராமானுஜனுக்குப் பயிற்சிக்களம் ஆயிற்று. ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவ முயன்றார். அம்முயற்சியில் நூலில் இல்லாத புதிய உண்மைகளைக் கண்டார். அதே நூலைக் கும்பகோணத்தில் வேறு பலரும் புரட்டியிருப்பர்; அவர்களுள் எவரும் இராமானுஜன் ஆகவில்லை. எனினும் அந்த நூல் அவர் கைக்கு வராமற் போயிருந்தால், அவருடைய கணிதம் எத்திசையில் சென்றிருக்கும் என்று சொல்ல இயலாது. நூல் வந்தது வாய்ப்பு. அதனை மாதக்கணக்கில் விடாது பயின்றது உழைப்பு. அதிலிருந்து புதியன கண்டது திறன். இம்மூன்றும் அவரிடம் ஒருங்கே அமைந்தன.

தோல்வியின் ஆண்டுகள்

1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது, கணிதத்திற்கான பரிசை இராமானுஜன் பெற்றார். உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் அவருடைய மனம் கணிதத்தில் மட்டுமே ஆழ்ந்தது. ஆங்கிலம் உள்ளிட்ட பிற பாடங்களில் தேர்ச்சி பெறாமையால் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கட்டணம் செலுத்தக் குடும்பத்தால் இயலவில்லை. மனமுடைந்த அவர் 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். பின்னர்த் திரும்பி வந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார். கணிதத்தில் சிறந்தார், உடலியல் முதலிய பாடங்களில் தோற்றார். 1907இல் மீண்டும் எழுதியும் தேறவில்லை. அத்துடன் கல்லூரி வாழ்க்கை முடிந்தது.

அடுத்த சில ஆண்டுகள் வறுமையின் ஆண்டுகள். மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துச் சிறிது பொருள் ஈட்ட முயன்றார். தாளின் விலை அவருக்கு எட்டாத அளவில் இருந்தமையால் சிலேட்டுப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேடுகளில் எழுதினார். 1910இல் அவருக்கு ஓர் அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. அதற்குப் பணம் இல்லை. மருத்துவர் ஒருவர் கட்டணம் பெறாமல் அதனைச் செய்தார்.

கல்லூரியின் கணக்குப்படி அந்நாளைய இராமானுஜன் தோற்ற மாணவர். பட்டமும் பணியும் அவருக்கு இல்லை. ஆனால் பின்னாளில் கேம்பிரிட்ஜ் அறிஞர்களை வியக்கச் செய்த முடிவுகளுள் பல அந்தக் குறிப்பேடுகளில் அப்போதே இருந்தன. 1907இல் தேறாத இளைஞரின் திறனும் 1913இல் போற்றப்பட்ட அறிஞரின் திறனும் ஒன்றே. இடையில் மாறியது, அக்குறிப்பேடுகளைப் படித்துப் பொருள் காண வல்லவர் ஒருவர் கிடைத்ததே ஆகும்.

திறந்த கதவுகள்

1910இல் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு இராமானுஜன் திருக்கோவிலூர் சென்றார். அங்குத் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுஜன் அவரிடம் வேண்டியது ஓர் எளிய அலுவலகப் பணி. குறிப்பேடுகளைக் கண்ட இராமசாமி ஐயர், இத்தகைய ஆற்றலை வட்டார அலுவலகத்தின் கீழ்நிலைப் பணியில் அடக்க விரும்பாமல், சென்னையில் இருந்த கணித அன்பர்களுக்கு அறிமுக மடல்கள் எழுதித் தந்தார். பிற அலுவலரிடம் சென்றிருந்தால் ஒருவேளை வேலை கிடைத்திருக்கும். கணிதம் கற்ற அலுவலரிடம் சென்றமையால் வழி கிடைத்தது.

நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். பலமுறை உரையாடிய பின்னரே தெளிந்தார். தெளிந்தபின் மாதந்தோறும் 25 ரூபாய் தம் கையிலிருந்து அளித்தார். 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பெர்னூலி எண்களின் பண்புகள் பற்றியது அது.

1912 மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அவர் சேர்ந்தார். அங்கும் நற்பேறு துணை நின்றது. மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இரவு நேரங்களில் இராமானுஜனோடு அமர்ந்து சிலேட்டுகளில் கணக்கிட்டவர். கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அந்த எளிய எழுத்தரின் ஆய்வுக்கு ஆதரவு தந்தார்.

இங்கிலாந்து அறிஞர்களின் கருத்தை அறிய இராமானுஜன் மடல்கள் எழுதினார். கேம்பிரிட்ஜின் கணித அறிஞர்களான பேக்கர், ஹாப்சன் ஆகிய இருவரிடமிருந்தும் உதவி வரவில்லை. 1913 சனவரி 16ஆம் நாள் ஜி. எச். ஹார்டிக்கு எழுதினார். ஏறத்தாழ 120 தேற்றங்கள் அம்மடலோடு சென்றன. ஹார்டியும் அவருடைய தோழர் லிட்டில்வுட்டும் ஓர் இரவில் அவற்றை ஆராய்ந்தனர். சில முன்பே அறியப்பட்டவை, சில தவறானவை, சில எவரும் அதுவரை கண்டிராதவை. எழுதியவர் பெரும் கணித அறிஞர் என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். மூவருக்கும் சென்றவை ஒரே மனிதரின் கண்டுபிடிப்புகள். இரு கதவுகள் மூடியே இருக்க, மூன்றாம் கதவு திறந்தது. இருமுறை மறுக்கப்பட்ட பின்னும் மூன்றாம் முறை எழுதிய மனவுறுதி இராமானுஜனுடையது.

வானிலைத் துறையின் தலைவரும் கணித அறிஞருமான கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது இராமானுஜனின் தாள்களைக் கண்டு, அவருக்கு ஆய்வுதவி வழங்கப் பல்கலைக்கழகத்தை வேண்டினார். பட்டம் பெற்றவர்க்கே அத்தகைய உதவி என்பது விதி. சென்னைப் பல்கலைக்கழகம் அவ்விதியைத் தளர்த்தி, 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வழங்கியது. முன்பு தேர்வுமுறையால் வெளியேற்றப்பட்ட ஒருவர், விதிவிலக்கால் உள்ளே அழைக்கப்பட்டார்.

கேம்பிரிட்ஜ் வாழ்வு

ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறானது என்று குடும்பத்தார் தயங்கினர். தாய் கண்ட ஒரு கனவே அவருடைய மனத்தை மாற்றியது என்பர். சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞரும் இராமானுஜனைச் சந்தித்து இசையச் செய்தார். 1914 மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் அவருடைய திறன் முழுமையாக வெளிப்பட்டது. கல்வியில் இருந்த இடைவெளிகளும் வெளிப்பட்டன. பகா எண்கள் பற்றி அவர் கண்டிருந்த சில முடிவுகள் பிழையானவை. அத்துறையில் ஐரோப்பியர் உருவாக்கியிருந்த கருவிகளை அவர் கற்க வாய்ப்பில்லாமையே அதற்குக் காரணம். நூறாண்டுகளுக்கு முன்பே பிறர் கண்டவற்றை அறியாது, அவற்றை மீண்டும் தாமே கண்டறிவதில் இளமையின் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. வாய்ப்பின்மை அறிவை அழிக்கவில்லை. ஆனால் அதன் காலத்தைத் தின்றது.

அவருடைய ஆய்வுகளுள் ஒன்று எண் பிரிவினை பற்றியது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகளில் கூட்டுத்தொகையாக எழுதலாம். எண் பெரிதாகப் பெரிதாக வழிகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகும். 100 என்னும் எண்ணுக்கு 19,05,69,292 வழிகள் உள்ளன. எந்த எண்ணுக்கும் இவ்வெண்ணிக்கையை மிக நெருக்கமாகத் தரும் வாய்பாடு ஒன்றை இராமானுஜனும் ஹார்டியும் இணைந்து 1918இல் வெளியிட்டனர். இராமானுஜனின் உள்ளுணர்வும் ஹார்டியின் முறையான பயிற்சியும் சேர்ந்து பிறந்த பயன் அது. ஹார்டியின் பெற்றோர் இருவரும் கல்விப் பணியில் இருந்தவர்கள். சிறந்த பள்ளியும் பல்கலைக்கழகமும் அவருக்கு உரிய காலத்தில் வாய்த்தன. இராமானுஜனுக்கு அவை இருபத்தாறாம் வயதில் வாய்த்தன.

1916இல் ஆய்வின் வழியே அவர் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். 1917இல் திரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் தேர்வில் அவர் தெரிவு செய்யப்படவில்லை. 1918 மே மாதம் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அவ்வாண்டின் அக்டோபரில் திரினிட்டிக் கல்லூரியும் ஏற்றது. அக்கல்லூரியில் அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே.

நோயும் மறைவும்

நற்பேறு அவரை எப்போதும் தொடரவில்லை. அவர் சென்ற ஆண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவு மட்டுமே உண்ட அவருக்குப் போர்க்காலத்தில் தக்க உணவு கிடைப்பது அரிதாயிற்று. கடுங்குளிரும் தனிமையும் ஓய்வற்ற உழைப்பும் உடலை வருத்தின. 1917இல் நோயுற்றார். மருத்துவ இல்லத்தில் அவரைக் காணச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அது சிறப்பற்ற எண் என்றும் கூறினார். இரு வேறு வழிகளில் இரண்டு கனங்களின் கூடுதலாக எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று நோய்ப்படுக்கையிலிருந்த இராமானுஜன் உடனே விளக்கினார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தால் 1729; ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் 1729.

1919இல் இராமானுஜன் தாயகம் திரும்பினார். அவருக்கு வந்தது காசநோய் என்று அக்கால மருத்துவர் கருதினர். குணப்படுத்தத்தக்க வேறொரு நோயாக அது இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தார் சிலர் கருதுகின்றனர். நோயின் இடையிலும் அவருடைய ஆய்வு நிற்கவில்லை. 1920 சனவரியில் தாம் கண்ட புதுவகைச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

அவருடைய இறுதிக்காலத் தாள்கள் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். அவருடைய பிறந்தநாளான டிசம்பர் 22, 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

திறனா? வாய்ப்பா?

இராமானுஜனின் வரலாற்றுடன் இன்னொரு தமிழரின் வரலாற்றையும் ஒப்பிடலாம். வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் பிறந்தவர். தந்தை உயர்நிலை அரசு அலுவலர். சிறிய தந்தை நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். வீட்டிலேயே நூல்களும் வழிகாட்டுவோரும் இருந்தனர். 1930இல் அரசின் உதவித்தொகையுடன் அவரும் அதே திரினிட்டிக் கல்லூரிக்குச் சென்றார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். விண்மீன்களின் இறுதிநிலை பற்றி அவர் கண்ட உண்மை, வசதியான வீட்டில் பிறந்தமையால் சிறுமை அடைவதில்லை. ஆனால் அவர் திருக்கோவிலூருக்குச் சென்று, வேலை வேண்டி நிற்க நேரவில்லை. இன்று உலகம் அறிந்த இராமானுஜனின் கடவுச்சீட்டுப் படத்தை 1936இல் ஜானகியிடமிருந்து பெற்று ஹார்டிக்குச் சேர்த்தவரும் சந்திரசேகரே.

நற்பேறு மட்டும் இருந்து திறன் இல்லையெனில், கார் எழுதிய நூல் வெறும் தாள்கட்டாகவே கிடந்திருக்கும். திறன் மட்டும் இருந்து கதவுகள் திறவாதிருந்தால், இராமானுஜனின் குறிப்பேடுகள் கும்பகோணத்து வீட்டின் பரணில் செல்லரித்துப் போயிருக்கும். உலகம் வென்றவர்களை மட்டுமே காண்கின்றது; ஆகவே திறன் எப்படியும் வெளிப்பட்டே தீரும் என்று எண்ணிவிடுகின்றது. கதவு திறவாமையால் மறைந்துபோனவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

இராமானுஜனுக்கு வாய்த்த துணைகள் பல தற்செயலாய் அமைந்தவை. நூல் தந்த நண்பர், கட்டணம் பெறாத மருத்துவர், மடல் எழுதித் தந்த அலுவலர், விதியைத் தளர்த்திய பல்கலைக்கழகம் ஆகியோருள் ஒருவர் இல்லாதிருந்தாலும் வரலாறு மாறியிருக்கும். நூலகமும் பள்ளியும் மருத்துவமனையும் உதவித்தொகையும் எல்லார்க்கும் உரிமையாகும் நாட்டில், ஒருவரின் திறன் தற்செயலை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறவித் திறனை எவராலும் வழங்க இயலாது. கதவைத் திறந்து வைப்பது மக்களின் கையில் உள்ளது.

அருஞ்சொற்பொருள்

நற்பேறு – நல்வாய்ப்பு
தேற்றம் – நிறுவப்பட்ட கணித உண்மை
நிறுவல் – உண்மையெனக் காட்டும் முறை
ஐயுற்றார் – சந்தேகம் கொண்டார்
பகா எண் – ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும், ஒன்றைவிடப் பெரிய எண்
கனம் – ஓர் எண்ணை மும்முறை எடுத்துப் பெருக்கி வரும் தொகை

சிந்தித்து விடையளிக்க

1. இராமானுஜன் கல்லூரிப் படிப்பைத் தொடர இயலாமைக்குக் காரணங்கள் யாவை?
2. ஜார்ஜ் கார் எழுதிய நூலில் இருந்த குறை, இராமானுஜனுக்கு எவ்வாறு பயன்பட்டது?
3. இராமானுஜனுக்குப் பிறப்பால் அமைந்த வசதிகளையும், அவருக்கு இல்லாத வசதிகளையும் பட்டியலிடுக.
4. 5 என்னும் எண்ணை எத்தனை வழிகளில் கூட்டுத்தொகையாக எழுதலாம்? எழுதிக் காட்டுக.
5. குட்வில் எஸ்டேட் போன்ற ஊரில் வாழும் ஒரு மாணவரின் திறன் வெளிப்பட எவ்வெவ் வாய்ப்புகள் தேவை? அவற்றுள் எவை இப்போது உள்ளன? ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.